பிராக் நகரில் கால்நடையாக

மலர்க்குழு நண்பர் என்னிடம் பயணக் கட்டுரை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பிராக் நகரில் நான் இருந்தது பன்னிரண்டு நாள். அதில் பதினொரு நாள் கோடைக்கால இயற்பியல் வகுப்பு. திரை இழுத்துவிட்ட அறையில் காலை முதல் மாலை வரை சமன்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஐரோப்பாவைப் பற்றி எழுத என்ன தகுதி? ஆனால் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அன்று விடியற்காலை நாலரை மணி முதல் மாலை வரை நடந்தேன். "கால்நடையாகவே ஊரைப் பார்த்தேன்" என்று விடுதியில் சொன்னபோது, நம் தோழி ஒருத்தி, "கால்நடை என்றால் மாடு அல்லவா?" என்று கேட்டாள். நடந்து முடித்த பிறகு என் கால்களின் நிலை ஏறத்தாழ அதுதான். பிராக் நகரத்து நடைபாதைகளெல்லாம் சிறு சிறு சதுரக் கற்களைப் பதித்துச் செய்தவை. பார்க்கக் கோலம் போல அழகாக இருக்கும். நடந்தால் உள்ளங்கால் ஒவ்வொரு கல்லையும் எண்ணிச் சொல்லும்.

அந்த நடையைச் சொல்வதற்கு முன் என் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கோவில்பட்டிப் பக்கத்தவர். பதினேழு வயதில் நாக்பூருக்கு வந்து, உறவினர் ஒருவரின் கடையில் தொழில் கற்று, பிறகு தாமே ஒரு கடிகாரப் பழுதுபார்க்கும் கடை வைத்தார். கடை என்றால் ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க இடமுள்ள பெட்டி. நான் வளர்ந்தது அந்தப் பெட்டியின் பெட்ரோல் மணத்தில்தான். (கடிகாரச் சக்கரங்களைப் பெட்ரோலில் கழுவுவார்கள்.) முன்பெல்லாம் எச்.எம்.டி. கடிகாரங்கள் வரிசையாக வந்து காத்திருக்கும். 2016-ல் அந்தக் கடிகாரப் பிரிவையே மூடிவிட அரசு முடிவு செய்தது. அதற்கு முன்பே மக்கள் கைப்பேசியில் மணி பார்க்கப் பழகிவிட்டார்கள். இந்த ஜூன் 30-ஆம் தேதியோடு கடையைக் காலி செய்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். "நீ வந்து கூட இருந்தா நல்லது, தாயி" என்றார். நான் ஆராய்ச்சி வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது முழுப் பொய் அல்ல, முழு உண்மையும் அல்ல. பள்ளி நாள் முதல் எந்த விண்ணப்பத்திலும் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்றே எழுதி வந்திருக்கிறேன். பிராக் நகரில் முதல் நாள் வரவேற்பின்போது எல்லோரும் தத்தம் குடும்பத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் தந்தை பேராசிரியர், ஒருவர் தாய் மருத்துவர். என் முறை வந்தபோது "சொந்தத் தொழில்" என்று சொல்லிவிட்டுப் பழச்சாறு எடுக்கப் போய்விட்டேன்.

புறப்படும் முன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க பெரிய கடிகாரம் ஒண்ணு இருக்குமே, நம்ம கடைக் காலண்டர்ல இருந்துச்சே, அதைக் காட்டு."

இனி நடைக்கு வருவோம். நாங்கள் தங்கியிருந்தது தெய்விட்சே என்னும் பகுதியில். அங்கே ஒரு தெருவுக்குத் 'தாகுரோவா' என்று பெயர். நம் இரவீந்திரநாத் தாகூரின் பெயர்தான். 1921-லும் 1926-லும் அவர் இந்நகருக்கு வந்திருக்கிறார். அவருடைய மார்பளவுச் சிலையும் அங்கே உண்டு. ஜூன் மாதத்தில் பிராக்கில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறான். தெருவில் சிவப்பு டிராம் ஒன்றைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பெண் தனியாக, இருமுறை திரும்பிப் பார்க்காமல் அந்த நேரத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். நம் வளாகத்து வாசலுக்கு வெளியே இரவு எட்டு மணிக்கு நாம் எப்படி நடக்கிறோம் என்பது இதைப் படிக்கும் தோழியருக்குத் தெரியும்.

குன்றின்மேல் அரண்மனைக் கோட்டை. அதன் நடுவே தூய வீத்துப் பேராலயத்தின் கோபுரங்கள். 1344-ல் கட்டத் தொடங்கிய ஆலயம் 1929-ல்தான் முடிந்தது. பிஎச்.டி. பட்டத்துக்கு ஆறாண்டு ஆகிறதே என்று வருந்துகிற மூத்த நண்பர்கள் சற்றே ஆறுதல் அடையலாம். கோட்டையின் ஓரமாகப் படிகளில் இறங்கினால் பழைய ஓட்டுக் கூரைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி ஆற்றங்கரை வரை செல்கின்றன. அங்கே வில்டாவா ஆறு. தில்லியில் படிக்கும் நமக்கு ஊர் நடுவே ஆறு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பது என்று பொருள். இங்கே அன்னங்கள் மிதந்தன. நான் கொஞ்ச நேரம் பொறாமையோடு நின்றேன்.

சார்லஸ் பாலத்தில் ஐந்தரை மணிக்குக் கால் வைத்தேன். இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் நாள், 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று எண்கள் ஏறி இறங்குகின்றன அல்லவா? ஆண்டு 1357 என்பது வரலாறு. நிமிடக் கணக்கு சோதிடம் போலும். நிமிட முள்ளே இல்லாத காலத்தில் 31-ஆம் நிமிடத்தை யார் பார்த்தார்கள் என்று கடிகாரக்காரர் மகளுக்கு ஐயம் எழுவது இயல்பு. இதற்கு முன் இவ்விடத்தில் இருந்த கல் பாலத்தை 1342-ல் வெள்ளம் கொண்டுபோனது. இந்தப் பாலத்தின் மூன்று வளைவுகளையும் 1890-ல் வெள்ளம் இடித்தது. பழைய நகரக் கரையில், நீரை ஒட்டிய சுவரில், தாடிக்காரர் ஒருவரின் கல் முகம் பதித்திருக்கிறது. முந்தைய பாலத்திலிருந்து எஞ்சிய முகம் அது. தண்ணீர் அவர் தாடியைத் தொட்டால் ஊருக்குள் வெள்ளம் வரப்போகிறது என்று அறிந்துகொள்வார்களாம். 2002 ஆகஸ்டில் வினாடிக்கு 5,000 கன மீட்டருக்கு மேல் நீர் ஓடியபோது அவர் முழுவதுமே மூழ்கிப்போனார். சுரங்க ரயில் நிலையங்களும் மூழ்கின.

516 மீட்டர் நீளப் பாலம். இருபுறமும் முப்பது சிலைகள். அவற்றில் பல இன்று நகல்களே. மற்றப் பயணிகள் நெப்போமுக் அருளாளரின் சிலையடியில் உள்ள தகட்டைத் தொட்டு வேண்டிக்கொள்வார்கள். தொட்டுத் தொட்டு அது பளபளக்கிறது. எனக்கு அந்தப் பாலத்தில் நினைவு வந்தவர் வேறொருவர். வானியல் அறிஞர் கெப்ளர் 1600 முதல் 1612 வரை இந்நகரில் வாழ்ந்தார். அரசவைக் கணிதர் என்று பெரிய பட்டம். ஆனால் சம்பளம் ஒழுங்காக வந்து சேராது. (உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் நம் கூட்டத்துக்கு அவர் முன்னோர்.) ஒரு புத்தாண்டின்போது தம்மை ஆதரித்த நண்பருக்குக் கொடுக்கக் கையில் பரிசு ஒன்றும் இல்லையே என்ற கவலையோடு இந்தப் பாலத்தைக் கடந்தார். அப்போது பனித்துகள்கள் அவர் மேலங்கியில் விழுந்தன. எல்லாம் ஆறு முனை உடையவை. ஏன் ஐந்தில்லை, ஏன் ஏழில்லை? அந்தக் கேள்வியையே ஒரு சிறு நூலாக எழுதி 1611-ல் நண்பருக்குப் பரிசளித்தார். ஒன்றுமில்லாதவன் கொடுத்த ஒன்றுமில்லாத பரிசு என்று தம்மையே கேலி செய்துகொண்டார். அந்நூலில்தான், உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் வழி எது என்ற ஆராய்ச்சியும் வருகிறது. நாக்பூர்ச் சந்தையில் ஆரஞ்சுக்காரர் கூம்பாக அடுக்குகிறாரே, அந்த வழிதான். அதில் இடத்தின் நூற்றுக்கு 74 பங்கு நிரம்பும். இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று ஹேல்ஸ் என்ற கணித அறிஞர் 1998-ல்தான் நிறுவிக் காட்டினார். கணிப்பொறி கொண்டு அந்த நிறுவலை வரிக்கு வரி சரிபார்த்து முடித்தது 2014-ல். எங்கள் கடைக்கு எதிரே ஆரஞ்சு விற்கும் பாட்டிக்கு இது சிறுவயதிலேயே தெரியும். நிறுவல் மட்டும்தான் அவரிடம் கிடையாது.

பாலத்திலிருந்து கார்லோவா தெரு வளைந்து வளைந்து போகிறது. அங்கே கெப்ளர் குடியிருந்த வீடு உண்டு. 1609-ல் வெளிவந்த அவருடைய நூலில்தான் கோள்கள் நீள்வட்டத்தில் ஓடுகின்றன என்ற விதி இருக்கிறது. அதற்கு ஆதாரமான அளவுகளை எடுத்துத் தந்த டைக்கோ பிராகி 1601-ல் இங்கேயே இறந்தார். பழைய நகரச் சதுக்கத்தின் தீன் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நான் போனபோது ஆலயம் திறந்திருக்கவில்லை. வாளால் மூக்கை இழந்து உலோக மூக்கு அணிந்த அந்த மனிதருக்கு வெளியிலிருந்தே ஒரு வணக்கம் வைத்தேன்.

மணி ஒன்பது ஆகப் பத்து நிமிடம். சதுக்கத்தில் கூட்டம் கூடிவிட்டது. நகர மன்றச் சுவரில் இருக்கிறது அந்தக் கடிகாரம். 1410-ல் கடானைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கம்மியர் செய்தது. வானியல் அறிவை உதவியவர் ஷிண்டெல் என்ற பேராசிரியர். உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களுள் இதுவே மூத்தது. வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். நாக்பூரில் பகல் பன்னிரண்டரை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா முதலில் முகம் காட்டி, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா கடைக் கணக்குப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

ஒன்பது அடித்தது. எலும்புக்கூடு மணிக் கயிற்றை இழுத்தது. சன்னல்கள் திறந்து சீடர்களின் பொம்மைகள் ஒவ்வொன்றாய் வந்து போயின. கூட்டம் ஆரவாரித்தது. நான் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"பொம்மை கிடக்கட்டும் தாயி. முள்ளைக் காட்டு."

காட்டினேன். சூரியனுக்கு ஒரு முள், நிலவுக்கு ஒரு முள், பன்னிரண்டு இராசிகள் எழுதிய வளையம் ஒன்று. அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உள்ள எத்தனை சக்கரம், எத்தனை பல்?" என்றார்.

நல்ல வேளையாக முதல் நாள் இரவு படித்து வைத்திருந்தேன். ஒரே அளவுள்ள மூன்று பெரிய சக்கரங்கள். மூன்றையும் ஓட்டுவது 24 பல் உள்ள சிறு பல்சக்கரங்கள். இராசி வளையத்தின் சக்கரத்துக்கு 365 பல், சூரியனுக்கு 366, நிலவுக்கு 379. அப்பா எழுதிக்கொண்டார். கணக்குப் புத்தகத்தில் பென்சில் கீறும் ஒலி எனக்குக் கேட்டது.

"ஒரு பல்லுதான் வித்தியாசம். அப்ப ராசி வளையம் நாளைக்கு மூணு நிமிஷம் அம்பத்தாறு செகண்டு முந்திச் சுத்தும். எதுக்கு அப்படி?"

நான் வாயடைத்து நின்றேன். விண்மீன் நாள், சூரிய நாளைவிட 3 நிமிடம் 56 வினாடி குறைவு. அதை நான் படித்தது கல்லூரியில், கரும்பலகையில், பூமி சூரியனைச் சுற்றும் படம் போட்டு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனிதர் ஒரு பல்லை வைத்துக்கொண்டு அதே எண்ணை எட்டிவிட்டார். காரணத்தை நான் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "அதான் ஆறாமீன் ஒவ்வொரு மாசமும் ரெண்டு மணி நேரம் முந்தி உதிக்குதா? சின்ன வயசுல காட்டுல காவலுக்குப் படுத்திருக்கையில பாத்திருக்கேன். ஏன்னு யாரும் சொன்னதில்ல" என்றார்.

இந்தக் கடிகாரத்தைப் பற்றிய கட்டுக்கதை ஒன்றையும் அவருக்குச் சொன்னேன். இதைச் செய்த ஹனுஷ் என்பவர் வேறு ஊருக்கு இதுபோல் ஒன்று செய்துவிடக்கூடாதென்று நகர மன்றத்தார் அவர் கண்களைக் குருடாக்கினார்களாம். அவர் தடவித் தடவி ஏறி வந்து கடிகாரத்தை நிறுத்திவிட்டாராம். இது உண்மையல்ல என்று வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. "கண்ணு போனா இந்தத் தொழில்ல ஒண்ணுமில்ல" என்றார். அவர் வலக்கண்ணைச் சுற்றி, முப்பது ஆண்டுகளாக ஐகிளாஸ் பதிந்த வளையம் தெரிந்தது. அழைப்பு அத்தோடு துண்டித்துப்போயிற்று.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவற்றை நான் அரை மனத்தோடுதான் பார்த்தேன். அப்படியும் யூதர் குடியிருப்பான யோசெபோவில் மனம் தானாகவே நின்றது. பழைய கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவராகப் பல அடுக்குகளில் புதைத்திருக்கிறார்கள். கற்கள் பல் விழுந்த வாய் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பக்கத்துப் பிங்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர் முழுவதும் பெயர்கள். நாசிகள் கொன்ற போகீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேர் பெயர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். வாசிக்கத் தொடங்கி, ஒரே குடும்பப் பெயரில் பதினொரு பேரைக் கண்டதும் நிறுத்திக்கொண்டேன். வெளியே யூதர் நகர மன்றத்தில் ஒரு கடிகாரம். எபிரேய எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்வதால் அதன் முட்களும் இடப்பக்கமாகச் சுற்றுகின்றன. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "நடுவுல ஒரு சக்கரம் கூடச் சேத்தாப் போதும், சுத்து மாறிடும்" என்று பதில் வந்தது.

ஆற்றங்கரையில் யான் பாலாக் சதுக்கம் இருக்கிறது. 1968-ல் சோவியத் படைகள் நாட்டில் நுழைந்தன. மக்கள் மெல்ல மெல்லப் பணிந்துபோவதைப் பொறாமல் 1969 ஜனவரி 16-ஆம் நாள் தனக்கே தீ வைத்துக்கொண்ட மாணவர் பாலாக். வயது இருபது. சார்லஸ் பல்கலைக்கழகத்து மாணவர். 1939 நவம்பர் 17-ல் நாசிகள் ஒன்பது பேரைக் கொன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரைச் சிறைமுகாமுக்கு அனுப்பியதும் இந்த நகரில்தான். அதனால்தான் அந்நாள் உலக மாணவர் நாள். நாம் அன்று விடுதியில் சிறப்பு உணவு கேட்டு வாங்குகிறோம். காரணத்தை அறிந்து கேட்பவர் எத்தனை பேர்?

நம் சங்கத்துக்கு உறவான ஒருவரும் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். கமில் சுவெலபில் 1927-ல் பிராக்கில் பிறந்தவர். தமிழ் பேசும் ஆளே அரிதான இந்த ஊரில் இருந்துகொண்டு தமிழ் கற்றுச் சங்க இலக்கியத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். சோவியத் படையெடுப்புக்குப் பிறகு அவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2009-ல் மறைந்தார். அந்தக் கரையில் உட்கார்ந்து அவர் முதன்முதலில் 'ழ' சொல்லிப் பழகிய நாளைக் கற்பனை செய்துகொண்டேன். இந்திப் பள்ளியில் படித்துவிட்டு, பதினைந்து வயதில் அம்மாவிடம் தமிழ் எழுத்துக் கற்றவளுக்கு அவர்மேல் ஒரு தனி அன்பு உண்டு.

பிற்பகலில் வினிச்னா தெருவுக்கும் போனேன். 1911-12-ல் ஐன்ஸ்டீன் இங்கே பேராசிரியராக இருந்தபோது, ஈர்ப்பினால் ஒளி வளையும் என்று எழுதினார். அவர் அறைச் சன்னலுக்குக் கீழே மனநோய் மருத்துவமனைத் தோட்டம் இருந்ததாம். 1842-ல் டாப்ளர் தம் விளைவை முதலில் படித்துக் காட்டியதும் இந்த நகரில்தான். ஆனால் அன்று எனக்கு எந்தப் பெரியவரும் மனத்தில் ஒட்டவில்லை. கால் வலி ஒரு காரணம். இன்னொரு காரணம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு குரல் செய்தி.

"தாயி, அந்த 379 பல்லு சரியில்ல. கணக்குப் போட்டா அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொம்பது நாளும் நாலு மணி நேரமும்தான் வருது. பஞ்சாங்கத்துல இருபத்தொம்பதரைக்குக் கொஞ்சம் மேல. நிலா மாசத்துக்கு ஒம்பது மணி நேரம் முந்திப் போகுது. அத யாரு திருத்துறா?"

ஆற்றங்கரைப் பலகையில் உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன். 379-ஐ 13-ஆல் வகுத்தால் 29.15. உண்மைத் திங்கள் 29.53 நாள். ஒன்பது மணி நேரம், சரியாக.

உடனே அழைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் உண்டு, அவருக்கு 'ஓர்லொய்னிக்' என்று பெயர், பழைய நாளில் அவர்கள் கையால் திருத்தியிருப்பார்கள் என்றேன். இடையில் பல காலம் ஓடாமல் நின்றதையும், 1945-ல் போரில் எரிந்ததையும், 1948-ல் மறுபடி ஓட விட்டதையும் சொன்னேன்.

"நல்ல வேலை" என்றார் அப்பா. "நின்னாலும் ஒருத்தன் வந்து பாக்குறானே."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு கடையில் என்ன பாக்கி என்று கேட்டேன். சாமான்களை எடுத்துக்கொள்ள ஆள் வந்துவிட்டதாகவும், ஆனால் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத கடிகாரங்கள் நாற்பத்தொன்று இருப்பதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் ஓடும்படி செய்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. அவற்றை எடைக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை.

"28-ஆம் தேதி காலையில் வந்துவிடுகிறேன் அப்பா. டிக்கெட் பார்த்துவிட்டேன்" என்றேன். டிக்கெட்டை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் போலந்து மாணவி ஒருத்தி கடிகாரத்தைப் பற்றிக் கேட்டாள். என் தந்தை கடிகாரம் பழுது பார்ப்பவர் என்று தொடங்கி, 379 பல்லின் பிழையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் தாமதமாயிற்று.

அந்த நாற்பத்தொன்றில் இதுவரை பதினேழு கடிகாரங்களை உரியவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ சேர்த்துவிட்டோம். மீதி இருபத்துநான்கும் இப்போது என் விடுதி அறையில் இருக்கின்றன. தினமும் காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுக்கிறேன். அறைத்தோழி முதலில் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றாள், இப்போது அவளும் பாதிக்குச் சாவி கொடுக்கிறாள். நம் வளாகத்து நண்பர்களில் யாருடைய தாத்தாவாவது நாக்பூரில் வேலை பார்த்திருந்து, கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மறந்ததாகச் சொல்லியிருந்தால், என்னிடம் வந்து கேட்கலாம். ரசீது வேண்டியதில்லை.